பூ. ச. குமாரசாமி ராஜா

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்த்திசை அடிவாரத்தில் இரண்டு ஊர்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று, பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்து புகழ் பெற்ற திருவில்லிபுத்தூர். மற்றொன்று, அதற்குத் தெற்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இராஜபாளையம். முன்னது பழமையால் பெயர் பெற்றது. பதினொரு நிலைகளையுடைய அதன் கோபுரத்தை நெடுந்தொலைவிலிருந்தே காணலாம். பின்னது உழைப்பால் பெயர் பெற்றது. விசயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் என்னும் மக்கள் அங்கு மிகுதி. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசி, உழவும் நூற்பும் வாணிகமும் செய்து, அவர்கள் அவ்வூரை வளர்த்தனர். இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர்கள் அக்காலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன.

இவ்விரண்டு ஊர்களின் வரலாற்றிலும் இடம்பெற்றவர் குமாரசாமி ராஜா. இராஜபாளையம் அவரைப் பெற்று வளர்த்தது. திருவில்லிபுத்தூரின் பெயர் தாங்கிய தேர்தல் தொகுதி அவரைத் தோற்கடித்தது. அப்போது அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார்.

குமாரசாமி ராஜா 1898 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8 ஆம் நாள் பிறந்தார். பூசப்பாடி என்பது குடும்பப் பெயர். சஞ்சீவி என்பது தந்தையார் பெயர். அவ்விரண்டின் முதலெழுத்துகளே அவர் பெயருக்கு முன் நிற்பவை. ராஜா என்பது அரசர் அளித்த பட்டமன்று. அவர் பிறந்த குடியினர் யாவரும் தம் பெயரோடு சேர்த்து வழங்கும் சொல்லே ஆகும். பெற்றோரின் அன்பில் திளைக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. பிறந்த சில நாள்களிலேயே அன்னையை இழந்தார். மழலை மாறுமுன்னே தந்தையையும் இழந்தார். பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். செல்வக் குடியில் பிறந்தும் தாய்முகம் அறியாத பிள்ளையாகவே அவர் வளர நேர்ந்தது.

அவர் இளைஞராக இருந்தபொழுது நாட்டில் விடுதலை வேட்கை மூண்டெழுந்தது. அன்னி பெசன்ட் அம்மையார் தன்னாட்சி இயக்கம் கண்டார். காந்தியடிகள் ஒத்துழையாமையைத் தொடங்கினார். பஞ்சு விளையும் பகுதியாகிய இராஜபாளையத்தில் கதர் இயக்கம் எளிதில் வேரூன்றியது. 1927 ஆம் ஆண்டில் காந்தியடிகள் கதர் பரப்பும் பயணமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தபோது இவ்வூருக்கும் வருகை புரிந்தார். குமாரசாமி ராஜா காந்திய நெறியைத் தம் வாழ்க்கை நெறியாகக் கொண்டார். ஊர்ப் பொதுப்பணியில் தொடங்கிய அவர் காங்கிரசுப் பேரவையில் சேர்ந்தார்; அறப்போரில் ஈடுபட்டுச் சிறையும் சென்றார். பேச்சாற்றல் மிக்க தலைவராகிய சத்தியமூர்த்தியின் தொடர்பு அவருக்கு அரசியலில் வழிகாட்டியாக அமைந்தது.

1934 ஆம் ஆண்டில் தில்லி மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. காங்கிரசு அதில் முனைந்து போட்டியிட்டது. சென்னை நகரிலிருந்து சத்தியமூர்த்தி வென்றார்; தென் மாவட்டங்களின் சார்பில் குமாரசாமி ராஜா வென்றார். அத்தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தோர் எத்தனை பேர் என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். ஆங்கிலேயர் நேரே ஆண்ட இந்தியப் பகுதி முழுவதிலும் அவர்கள் ஏறத்தாழ 14 இலட்சம் பேரே. சொத்துடையோரும் வரி செலுத்துவோரும் மட்டுமே வாக்காளர். வயலில் நாற்று நட்டவருக்கும் தறியில் அமர்ந்தவருக்கும் அங்கு இடமில்லை. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கும் முழு அதிகாரம் இருந்ததோ எனின், அதுவும் இல்லை. உறுப்பினருள் நாற்பதின்மர் அளவினர் அரசால் நியமிக்கப்பட்டவர். 1935 இல் அரசின் வரவு செலவு மசோதாவை மன்றம் வெட்டிக் குறைத்தது. ஆயினும் வைசிராய் தம் தனியதிகாரத்தால் அதனைச் சட்டமாக்கினார். பேசலாம், வினவலாம், வாக்கெடுப்பில் வெல்லவும் செய்யலாம். ஆனால் ஆள இயலாது என்பதே அம்மன்றத்தின் நிலை. எதிர்வரிசையில் அமர்ந்து அரசை வினவுதல் எத்தகையது என்பதைக் குமாரசாமி ராஜா கற்ற இடம் அதுவே ஆகும்.

1946 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தங்குதூரி பிரகாசம் அமைச்சரவை அமைத்தபோது குமாரசாமி ராஜா அதில் ஓர் அமைச்சரானார். அந்நாளைய சென்னை மாகாணம் மிகப் பரந்தது. தமிழ் மாவட்டங்களோடு ஆந்திரப் பகுதியும், மலையாளத்து மலபாரும், கன்னடம் வழங்கும் தென் கன்னடமும் அதில் அடங்கியிருந்தன. ஆளும் கட்சி ஒன்றே. ஆயினும் அதனுள்ளே பிரிவுகள் பல. தமிழர் பிரிவு, ஆந்திரர் பிரிவு என்றும், ஒவ்வொன்றுக்குள்ளும் தலைவர்வழிப் பிரிவுகள் என்றும் கட்சி பிளவுண்டு கிடந்தது. சட்டமன்றக் கட்சியின் நம்பிக்கையை இழந்தவர் தலைமை அமைச்சராய் நீடித்தல் அரிது. ஓராண்டு நிறைவதற்குள் பிரகாசம் பதவி இழந்தார். 1947 மார்ச்சில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அப்பதவியை ஏற்றார். நேர்மையிற் சிறந்த அவரும் இரண்டாண்டுகளுக்குப் பின் விலக நேர்ந்தது. தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக இருந்த காமராசரின் ஆதரவோடு குமாரசாமி ராஜா சட்டமன்றக் கட்சித் தலைவராகித் தலைமை அமைச்சரானார். 1949 ஏப்ரல் 6 ஆம் நாள் அவர் பதவி ஏற்றார். 1950 ஜனவரி 26 இல் நாடு குடியரசாயிற்று. சென்னை மாகாணம் சென்னை மாநிலமாயிற்று; அதன் தலைமை அமைச்சர் முதலமைச்சர் எனப்பட்டார். ஆகவே மாகாணத்தின் இறுதித் தலைமை அமைச்சரும், மாநிலத்தின் முதல் முதலமைச்சரும் அவரே.

அவருடைய அரசு தொடங்கிய சின்னாள்களிலேயே ஜமீன் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் முன்னைய அரசு இயற்றியது. அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு இவருக்கு வாய்த்தது. இராஜபாளையத்துக்கு அண்மையிலேயே சேத்தூர், சிவகிரி ஆகிய ஜமீன்கள் இருந்தன. ராஜா என்பதைப் பெயரளவில் மட்டும் தாங்கிய ஒருவர், உண்மையாகவே குறுநில மன்னர்போல் வாழ்ந்தோரின் ஆட்சி முடிவதற்குத் தலைமை தாங்கினார். 1949 இல் சென்னையில் கருநாடக இசைக்கென அரசுக் கல்லூரி நிறுவப்பெற்றது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார். இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்குப் பின், 1950-51 கல்வியாண்டில் அது விருப்பப் பாடமாயிற்று. கோபுரம் பொறித்த அரசு முத்திரையும் 1949 ஆம் ஆண்டை ஒட்டி உருவானதே. அக்கோபுரம் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பலரும் கூறுவது; மதுரைத் திருக்கோயிலின் மேலைக்கோபுரம் என்பாரும் உளர். எதுவாயினும், முதலமைச்சரின் சொந்த வட்டாரத்தார் அதனைத் தம் கோபுரமென்றே உரிமை பாராட்டுவர்.

ஆந்திரர் தமக்கெனத் தனி மாநிலம் வேண்டிக் குரல் எழுப்பிய காலம் அது. பிரிவினை குறித்து ஆராய 1949 இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் குமாரசாமி ராஜாவே. தாய்மொழி தெலுங்கு, பிறந்த மண் தமிழ் மண், இரு திறத்தார்க்கும் நடுவே அமர்வதற்கு அவரினும் பொருத்தமானவரைக் காண்டல் அரிது. எனினும் சென்னை நகரம் யாருக்கு என்னும் வினா குழுவைப் பிளந்தது. அந்நகரை விட்டுக்கொடுக்கப் பிரகாசம் இசையாமல் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். கருத்தொருமை இன்மையால் பிரிவினை அப்போது கைகூடவில்லை. 1952 டிசம்பரில் பொட்டி சிறீராமுலு உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த பின்னரே, 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது.

இனி அவர் ஆட்சியின் கடுமையான பகுதியைக் காண்போம். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் சிலர் இத்தகைய பகுதிகளை விரைந்து கடந்து செல்வர். அது முறையன்று.

1948 முதல் பொதுவுடைமைக் கட்சி அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழும் வழியை மேற்கொண்டது. ஐதராபாத்து நாட்டின் தெலுங்கானாவில் உழவர் படைக்கலம் ஏந்திப் போராடினர். அக்கனல் சென்னை மாகாணத்து ஆந்திரப் பகுதிகளிலும் பரவியது. 1949 இல் அக்கட்சி இம்மாகாணத்தில் தடை செய்யப்பட்டது. கட்சியினர் பலர் விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர்; பலர் தலைமறைவாயினர். 1950 பிப்ரவரி 11 ஆம் நாள் சேலம் சிறையில், காவலர் சுட்டதில் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். நாடு குடியரசாகி இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. தாமே சிறைவாசம் அறிந்த ஒருவரின் ஆட்சியில் இது நிகழ்ந்தது என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை வருத்துவதாகும்.

அடுத்த திங்களில் மற்றொரு செயல் நடந்தது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் என்பவர் கிராஸ் ரோட்ஸ் என்னும் ஆங்கில வார இதழை நடத்தி வந்தார். அது அரசைக் கடுமையாகக் குறைகூறும் இதழ். 1950 மார்ச் முதல் நாள், பொது அமைதி காப்புச் சட்டம் ஒன்றன்கீழ், அவ்விதழ் சென்னை மாநிலத்துள் நுழைவதையும் பரவுவதையும் அரசு தடுத்தது. தாப்பர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து நான்கு திங்கள் நிறையும் வேளையில், மே 26 ஆம் நாள், நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் பாதுகாப்புக்கே ஊறு விளையுமாயின் எழுத்தைத் தடுக்கலாம். பொது அமைதி என்னும் பரந்த காரணம் காட்டித் தடுத்தல் கூடாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. ஆணை செல்லாதொழிந்தது. எண்ணத்தை எழுத்தால் பரப்பும் உரிமையைப் பற்றி நம் உச்ச நீதிமன்றம் வழங்கிய தொடக்கத் தீர்ப்புகளுள் இது தலையாயது. இன்றும் சட்டம் பயில்வோர் இவ்வழக்கைப் படிக்காமல் தேர்வு எழுதுவதில்லை. அவ்வழக்கில் எதிர்வாதி சென்னை அரசு.

அறிஞர் அண்ணாவும் அதே 1950 ஆம் ஆண்டில் ஆரிய மாயை என்னும் தம் நூலுக்காகத் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். அவர் தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது 1949 செப்டம்பரில். அதுவும் குமாரசாமி ராஜாவின் ஆட்சிக் காலமே. மேடையும் இதழும் நாடகமும் அரசியல் கருத்தைப் பரப்பும் கருவிகளாகத் தமிழ்நாட்டில் வலிமை பெற்று வந்த காலத்தில், அரசு தடையையே முதற் கருவியாகக் கொண்டது. கருத்தைத் தடையால் வெல்ல முடியாது என்பதற்கு அடுத்த பதினேழு ஆண்டுகளின் தமிழக வரலாறே சான்று.

அரசுக்கு எதிராக இன்னொரு தீர்ப்பும் வந்தது. கல்லூரி இடங்களையும் அரசுப் பணிகளையும் வகுப்புவாரியாகப் பங்கிடும் ஆணை சென்னையில் நெடுநாள் இருந்து வந்தது. பதினான்கு இடங்கள் இருப்பின் இன்னின்ன வகுப்பார்க்கு இத்தனை என அது வரையறுத்தது. நெடுங்காலம் கல்வி வாசனையே பெறாத வகுப்பாரின் பிள்ளைகள் கல்லூரி வாயிலில் அடியெடுத்து வைத்தது அவ்வாணையால்தான். 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரி இடங்களைப் பொறுத்தவரை அவ்வாணை செல்லாது எனத் தீர்த்தது. குமாரசாமி ராஜாவின் அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9 ஆம் நாள் அங்கும் தோல்வியே கிட்டியது. தமிழ்நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பார்க்குத் தனிச் சலுகை அளிக்க அத்திருத்தம் வழி திறந்தது. அதே திருத்தம், பொது அமைதியின் பொருட்டு எழுத்துரிமைக்குத் தக்க வரம்பிடவும் இடம் தந்தது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் நிகழ்ந்த முதல் மாற்றத்தின் இரு முக்கியக் கூறுகளுக்குப் பின்னாலும் சென்னை அரசு தோற்ற வழக்குகள் நிற்கின்றன. ஒன்று எளியோர்க்கு வாயில் திறந்தது; மற்றொன்று எழுதுவோர்க்கு வேலி இட்டது. ஓர் ஆட்சியை நல்லது என்றோ தீயது என்றோ ஒரே சொல்லால் அளந்துவிட இயலாது.

இந்நிலையில் முதற் பொதுத் தேர்தல் வந்தது.

சொத்து, கல்வி, ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி 21 வயது நிரம்பிய அனைவரும் வாக்களிக்கலாம் என்பது உலகமே வியந்த ஏற்பாடு. 1934 இல் 14 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, இப்போது நாடு முழுவதும் 17 கோடியைக் கடந்தது. அவருள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்கள் எவ்வாறு வாக்களிப்பர் என்று ஐயுற்றோர் பலர். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் எளிய வழி ஒன்று கண்டார். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியின்மேல் அவருக்குரிய சின்னம் ஒட்டப்பட்டது. வாக்காளர் தமக்கு அளிக்கப்பட்ட தாளில் எதுவும் எழுத வேண்டுவதில்லை. தாம் விரும்பும் சின்னமுள்ள பெட்டியில் அதனை இட்டால் போதும். காங்கிரசின் சின்னம் நுகம் பூட்டிய இரட்டைக் காளை. ஒருவரே இருமுறை வாக்களிக்காதிருக்க விரலில் அழியா மை இடப்பட்டது.

சென்னை மாநிலத்தில் 1952 ஜனவரியில் வாக்குப்பதிவு நடைபெற்றது. முந்தைய சட்டமன்றத்தில் 215 இடங்கள் இருந்தன. புதிய மன்றத்துக்கு 375 இடங்கள். காலமோ காங்கிரசுக்கு உகந்ததாக இல்லை. பருவமழை ஆண்டுக்கணக்கில் பொய்த்திருந்தது. அரிசிக்குப் பங்கீட்டு முறையும் கட்டுப்பாடும் இருந்தன. அளந்து தரும் அரிசிக்காக மக்கள் கடைவாயிலில் காத்துக் கிடந்தனர்; விளைந்த நெல்லை அரசுக்கு அளக்கவேண்டிய உழவரும் மனம் புழுங்கினர். கட்சிக்குள்ளே பூசல் ஓயவில்லை. பிரகாசம் காங்கிரசை விட்டு விலகித் தனிக் கட்சியோடு எதிர்த்து நின்றார். பொதுவுடைமைக் கட்சியினர் தாம் பட்ட துன்பங்களை ஊர்தோறும் எடுத்துரைத்தனர். திராவிட முன்னேற்றக் கழகம் தான் போட்டியிடாமல், தன் கொள்கைக்கு இசைந்த எதிர்க்கட்சியினரை ஆதரித்தது.

குமாரசாமி ராஜா திருவில்லிபுத்தூர்த் தொகுதியில் நின்றார். அது அவர் பிறந்த ஊரை அடுத்த தொகுதி. அவரை அறியாதார் அங்கு இலர். மூன்றாண்டுகளாக மாநிலத்தை ஆண்டவர். விடுதலைப் போரில் பங்கு கொண்டவர். செல்வத்தைப் பெருக்கிக்கொண்டார் என்று பழிக்கப்படாதவர். அவர் தோல்வியுற்றார். முதலமைச்சரின் பெட்டியில் விழுந்த தாள்களினும் மிகுதியான தாள்கள் எதிர்த்தவர் பெட்டியில் விழுந்திருந்தன. அவை பெரும்பாலும் முன்னர் ஒருபோதும் வாக்களித்திராத கைகள் இட்டவை. 1934 இல் அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அக்கைகளுக்கு இருந்ததில்லை. 1952 இல் அவரை மறுக்கும் உரிமை அவற்றுக்கு வந்திருந்தது. அவ்வுரிமையைப் பெற்றுத் தரப் போராடியவர்களுள் அவரும் ஒருவர்.

அமைச்சர் பலரும் அவரைப் போலவே தோற்றனர். பக்தவத்சலமும் அவருள் ஒருவர். 375 இடங்களில் காங்கிரசு பெற்றவை 152. தனிப்பெருங் கட்சி அதுவே. ஆயினும் பெரும்பான்மை இல்லை. பொதுவுடைமைக் கட்சி 62 இடங்களை வென்றது. அண்மைக்காலம்வரை காவலிலும் தலைமறைவிலும் வாழ்ந்தோர் பலர் சட்டமன்ற உறுப்பினராய் அமர்ந்தனர். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாத சட்டமன்றத்துக்கு, நம் நாட்டின் முதற் சான்றுகளுள் ஒன்றாக அரசியல் ஆராய்ச்சியாளர் இதனை இன்றும் எடுத்துக்காட்டுவர்.

எதிர்க்கட்சிகள் பிரகாசத்தைத் தலைவராகக் கொண்டு ஒன்றுகூடின. காங்கிரசோ அரசியலிலிருந்து ஒதுங்கியிருந்த இராசாசியை அழைத்தது. அவர் தேர்தலில் நின்றவர் அல்லர். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். இது முறைதானா என்னும் வினா அன்றே எழுந்தது. இன்றும் நூலோர் அதுபற்றி வழக்காடுகின்றனர். இராசாசி சிறு கட்சியினரையும் கட்சிசாரா உறுப்பினரையும் தம்பால் ஈர்த்து, ஜூலை 3 ஆம் நாள் 200 வாக்குகளுக்கு 151 என்னும் கணக்கில் சட்டமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றார். அரிசிக் கட்டுப்பாட்டையும் அவ்வாண்டிலேயே நீக்கினார்.

புதிய அரசு அமையும்வரை குமாரசாமி ராஜாவே ஆட்சிப் பொறுப்பைக் கவனித்தார். தோற்ற பின் இடைக்காலத்தில் நாற்காலியில் அமர்ந்திருத்தல் எளிதன்று, கோப்புகள் வந்துகொண்டிருக்கும், ஆனால் ஏவல் கேட்போர் கண்கள் வேறு வாயிலை நோக்கும். மார்ச் 31 ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் அவர் அரசுக்கு எதிராக மீண்டும் ஒரு தீர்ப்பு வந்தது. மக்கள் கல்விக் கழகம் என்னும் அமைப்பைச் சட்டத்துக்குப் புறம்பானது என அரசு 1950 இல் அறிவித்திருந்தது. அதன் செயலாளராகிய வி. ஜி. ராவ் தொடுத்த வழக்கில், கூடி அமைப்பு நடத்தும் உரிமையை அவ்வாறு பறித்தல் தகாது என நீதிமன்றம் முடிவு கூறியது. அதற்குப் பத்து நாள்கள் கழித்து, ஏப்ரல் 10 ஆம் நாள், குமாரசாமி ராஜா இராசாசியிடம் பொறுப்பை ஒப்படைத்தார். மேலவையின் வழியாக ஆட்சிக்கு வரலாம் என்பதை அந்நாள்களின் நிகழ்ச்சியே காட்டியது. ஆனால் அவர் அவ்வழியே திரும்பி வரவில்லை. வாக்குப் பெட்டியைக் குறைகூறிக் கட்சியைப் பிளக்கவும் இல்லை. புதிய நாடுகள் பலவற்றில், தோற்ற ஆட்சியாளர் படையின் துணையால் அரியணையைப் பற்றிக்கொண்ட கதைகளை மாணவர்கள் உலக வரலாற்றில் படித்திருப்பர்.

இராஜபாளையத்தில் தமக்குரிய இல்லத்தை அவர் ஊர்மக்களுக்கு அளித்தார். அது காந்தி கலை மன்றமாக விளங்கியது. ஓர் ஊரின் செல்வர் வீட்டில் ஊரார் பலரும் கால்வைக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அத்தகைய வீடொன்றில் நூல் படிக்கவும் இசை கேட்கவும் எல்லாரும் செல்ல முடிந்தது.

1954 பிப்ரவரியில் அவர் ஒரிசாவின் ஆளுநரானார். அம்மாநிலம் இன்று ஒடிசா என வழங்கப்படுகிறது. அவருக்கு முன் அங்கு ஆளுநராக இருந்தவர் பசல் அலி. மொழிவழி மாநிலங்களை ஆராயும் ஆணையத்துக்குத் தலைமை தாங்கும் பொருட்டு அவர் விலகியிருந்தார். ஆந்திரப் பிரிவினைக் குழுவின் தலைவராக இருந்து முடிவு காண இயலாதவர், நாடு முழுவதற்கும் எல்லை வகுக்கச் சென்றவரின் இடத்தில் அமர்ந்தார். எல்லைச் சிக்கல் அங்கும் அவரை விடவில்லை. சராய்கேலா, கர்சவான் ஆகிய பகுதிகள் பீகாரிலேயே இருத்தல் வேண்டும் என்னும் முடிவை எதிர்த்து 1956 தொடக்கத்தில் ஒரிசாவில் பெருங்கிளர்ச்சி மூண்டது. முதலமைச்சராக இருந்தவர் நபகிருஷ்ண சௌதுரி. முடிவெடுக்கும் பொறுப்பு அவருடையது. ஆளுநர் அறிவுரை கூறலாம், ஆள்பவர் அமைச்சரே. ஒரு காலத்தில் ஆணைகளில் கையொப்பமிட்டு மாநிலத்தையே இயக்கியவர், இப்போது பிறர் வகுத்த ஆணைகள் தம் பெயரால் வெளிவருவதைக் கண்டார். 1956 செப்டம்பரில் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

நாட்டின் இரண்டாம் பொதுத் தேர்தல் 1957 பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் நடைபெற்றது. முதல் தேர்தலில் போட்டியிடாத திராவிட முன்னேற்றக் கழகம் இம்முறை தன் வேட்பாளரை நிறுத்தியது. பதினைவர் வென்று சட்டமன்றம் புகுந்தனர். ஏழாண்டுகளுக்கு முன் சிறை சென்ற அண்ணா அவருள் ஒருவர். காமராசர் மீண்டும் முதலமைச்சரானார். அந்த மார்ச்சுத் திங்களிலேயே குமாரசாமி ராஜா தம் ஐம்பத்தெட்டாம் வயதில் காலமானார்.